சுற்றமும் நட்பும் சூழ



திருமண அழைப்பிதழில் 'சுற்றமும் நட்பும் சூழ வருக' என்று அச்சிடுவது நம் வழக்கம். அழைக்கப்படுபவர் ஒருவர், வருவோர் பலர். ஜாவா மொழியில் நிரல் எழுதுவோர் நிலையும் இதுவே. பிறர் ஆக்கிவைத்த நிரல் நூலகம் ஒன்றை நம் திட்டத்தில் சேர்த்தால், அது சார்ந்திருக்கும் நூலகங்களும், அவை சார்ந்திருப்பனவும் உடன் வந்துவிடுகின்றன. இவற்றை வழிச்சார்புகள் எனலாம்.

முன்னர் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கவேண்டியிருந்தது. 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த மேவன் கருவியின் இரண்டாம் பதிப்பு அச்சுமையை நீக்கியது. 'பாம்' என்னும் கோப்பில் நேரடிச் சார்புகளை மட்டும் எழுதினால் போதும். ஏனையவற்றை மேவனே களஞ்சியத்திலிருந்து கொணர்ந்துவிடும். சுமை குறைந்தது, உடன் நம் கவனமும் குறைந்தது.

அதன் விளைவை நான் 2021 டிசம்பரில் உணர்ந்தேன். நிரலின் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் 'லாக்4ஜே' நூலகத்தில் பெருங்குறை ஒன்று அப்போது வெளிப்பட்டது. குறிப்பேட்டில் பதியுமாறு அனுப்பும் ஒரு சொற்றொடரைக்கொண்டே, அயலான் ஒருவன் நம் கணினியில் தன் நிரலை இயக்கிவிடலாம்! அதன் கடுமைக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் அளித்தனர். நான் என் திட்டத்தின் பாம் கோப்பைத் திறந்து தேடினேன். அப்பெயர் அதில் இல்லை. நிம்மதியுற்றேன்.

ஆனால் 'டிபெண்டென்சி ட்ரீ' என்னும் மேவன் ஆணையை இட்டபோது, சார்புகள் அனைத்தும் கிளை கிளையாக விரிந்தன. மூன்றாம் கிளையின் அடியில் அதே லாக்4ஜே, குறையுள்ள பதிப்பாகவே அமர்ந்திருந்தது! நான் அழைத்ததில்லை, ஆயினும் என் வீட்டில் இருந்தது.

இன்னொன்றும் அறியவேண்டும். இரு கிளைகள் ஒரே நூலகத்தின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டால், மேவன் ஒன்றையே கொள்ளும். புதியதை அன்று, வேருக்கு அண்மையில் உள்ளதையே கொள்ளும். தொலைவு ஒத்திருப்பின், முதலில் எழுதப்பட்ட சார்பின் வழி வந்ததைக் கொள்ளும். ஆகவே பழைய பதிப்பு வென்றுவிடலாம். அந்நிலையில் நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட்டும், ஓடும்போது 'இந்தச் செயற்கூறு இல்லை' என்று நின்றுவிடக்கூடும். தோற்ற பதிப்பு எது என்பதையும் காண, அவ்வாணையுடன் 'வெர்போஸ்' என்னும் விருப்பத்தைச் சேர்த்தல் வேண்டும்.

நான் பாம் கோப்பின் 'டிபெண்டென்சி மேனேஜ்மெண்ட்' பகுதியில் திருத்திய பதிப்பின் எண்ணை எழுதினேன். அதன்பின் எக்கிளை வழி வந்தாலும் அப்பதிப்பே வந்தது. தேவையற்ற சார்பாயின் 'எக்ஸ்குளூஷன்' எழுதி விலக்கிவிடலாம். முதலில் வந்த 2.15.0 என்னும் திருத்தம் முழுமை பெறாமையால், அம்மாத இறுதிக்குள் 2.17.1 வரை புதிய பதிப்புகள் தொடர்ந்து வெளிவந்தன. ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றி, கிளைகளை மீண்டும் பார்த்த பின்னரே நான் உறங்கச் சென்றேன்.

நீங்களும் உங்கள் திட்டத்தில் அந்த ஆணையை இன்றே ஒருமுறை இட்டுப் பாருங்கள். நாம் எழுதிய பெயர்கள் சிலவே. பொறுப்போ வந்த அனைத்திற்கும் நம்முடையது.