திண்டுக்கல் வெயிலுக்கு மேலே ஒரு குளிர் ஏரி நாடு: இதெல்லாம் தெரியுமா?

சித்திரை பிறந்தால் போதும், திண்டுக்கல்லில் தார் ரோடு கொதிக்கும், மலைக்கோட்டைப் பாறை அனலாய்த் தகிக்கும். பனிமலை ஏரிகளைப் பார்க்க வேண்டும் என்று பலரும் வடக்கே ரயில் ஏறுகிறார்கள். நம் மாவட்டத்துக்குள்ளேயே, வத்தலக்குண்டு தாண்டி நிமிர்ந்து பார்க்கும் தூரத்தில், பழனி மலைத்தொடரின் மேல் கொடைக்கானல் என்ற ஓர் ஏரி நாடு இருக்கிறதே! முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். வழியெல்லாம் வியப்புதான்!

ஏறினால் 12 டிகிரி இறங்கும்!

உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். திண்டுக்கல் சமவெளியைவிடக் கொடைக்கானல் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். கணக்குப் போடுங்கள்: சுமார் 12 டிகிரி! கீழே மின்விசிறிக்கு அடியிலும் தூக்கம் வராத அதே மே மாத இரவில், மேலே கம்பளி தேடுகிறார்கள்.

சாலைக்கு முன்னால் கால்கள்!

கொடைக்கானலுக்கு முதலில் போனவர்கள் பெரும்பாலும் நடைப்பயணிகள்தான், தெரியுமா? 1821-இல் நில அளவைக்கு வந்த லெப்டினன்ட் வார்டு, வெள்ளகெவி கிராமத்தில் தங்கி அங்கிருந்துதான் மேலே ஏறினார். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் மலைமேல் வீடு கட்டிக் குடியேறினார்கள். மோட்டார் சாலை வருவதற்கு முன் மலையடிவாரம் வரை மாட்டுவண்டி; அதற்கு மேல் நடை அல்லது ஆட்கள் சுமக்கும் நாற்காலி, பல்லக்கு! அந்த வெள்ளகெவி நெடுங்காலம் வாகனச் சாலையே எட்டாத ஊர். இன்னொரு வியப்பு: ஊரே கோயில் என்று கருதுவதால் அங்கே யாரும் செருப்புப் போடுவதில்லை. விருந்தாளியும் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும்!

அந்த ஏரி இயற்கையானதே அல்ல!

கோடிக்கணக்கான படங்களில் பதிவான கொடைக்கானல் ஏரி, மனிதர் கட்டியது! 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச், சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடைகளை மறித்துக் கரை போட்டார். சுற்றிலும் இருந்த பள்ளங்களுக்குள் எல்லாம் தண்ணீர் புகுந்ததால்தான் இந்த நட்சத்திர வடிவம். பரப்பு சுமார் 60 ஏக்கர். நிரம்பி வழிகிற தண்ணீர் எங்கே போகிறது? மலைச்சாலையில் எல்லா பஸ்ஸும் நிற்க, பயணிகள் போட்டோ எடுக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சியாக, சுமார் 180 அடி உயரத்திலிருந்து கொட்டுகிறது! அங்கே உங்கள் முகத்தில் தெறிப்பது ஏரித் தண்ணீர்தான்.

குடத்தில் வந்து சேரும் மலை ஏரி!

கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே, காட்டுக்குள் ஒளிந்திருக்கிறது பேரிஜம். படகும் இல்லை, பஜ்ஜிக் கடையும் இல்லை. கரையோரம் காட்டுமாடு மேயும். இந்த ஏரியின் தண்ணீர்தான் கீழே தேனி மாவட்டத்தின் பெரியகுளத்துக்குக் குடிநீர்! இதையும் கேளுங்கள்: பேரிஜம் வழியாகப் போகும் பழைய மூணாறு சாலை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் படையெடுத்தால் தப்பிப் போவதற்காகச் சீரமைக்கப்பட்டது. ஜப்பானியர் வரவேயில்லை. இப்போது அந்தப் பாதை பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டுக் கிடக்கிறது.

காட்டின் எல்லையை வரைவது உறைபனி!

மலையில் எங்கே சோலை, எங்கே புல்வெளி என்று யார் முடிவு செய்கிறார்கள்? உறைபனிக்கு அதில் பெரிய பங்கு உண்டு! டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டைவிடப் பள்ளம் அதிகம் குளிரும். விடியும்போது ஏரிக்கரைப் புல்லெல்லாம் உப்பளம் போல வெளுத்துக் கிடக்கும். சோலை மரங்களின் இளங்கன்றுகள் அந்தக் குளிரில் கருகிவிடும், புல் தாக்குப்பிடிக்கும். மலைமேல் புல்வெளிகள் மரமில்லாமல் பச்சைக் கம்பளமாக விரிந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் ஏன் பனி பெய்வதில்லை?

நம் வெப்பமண்டல வானத்தில் உறைநிலை தொடங்குவதே சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில்! தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். இங்கே கடுங்குளிர் வரும் இரவில் மேகம் இருக்காது. மேகம் வரும் நாளில் அவ்வளவு குளிர் இருக்காது. ஆனாலும் வானத்துப் பனிக்கட்டி இங்கே வந்து விழத்தான் செய்கிறது. கோடை இடிமழையில் சில நாள் ஆலங்கட்டி கொட்டும். உச்சி வெயில் காலத்தில் உள்ளங்கையில் பனிக்கட்டி!

சுடுதண்ணீரும் ஏமாற்றும்!

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். அதனால் கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானை தளதளவென்று பொங்கும், சோறு மட்டும் சீக்கிரம் வேகாது! மலையில் சமைத்துச் சாப்பிட நினைப்பவர்கள் குக்கரைத் தூக்குவது இதனால்தான்.

பூண்டுக்கும் செம்மறிக்கும் பேர் போன பாதை!

கொடைக்கானலைத் தாண்டி மேல்மலைப் பக்கம் நடந்தால் முதலில் பூம்பாறை. அடுக்கடுக்கான வயல்களில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்புறம் கூக்கல் ஏரி, மன்னவனூர் ஏரி. மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. அனல் பறக்கும் ஒரு மாவட்டத்தின் உச்சியில் கம்பளிக்காக ஆடு வளர்க்கிறார்கள்!

இமயத்து ஏரிகள் இன்னும் ஒரு படி மேலே!

நிஜமான பனி ஏரிதான் வேண்டுமா? காஷ்மீரின் கங்காபல், விஷன்சர் ஏரிகளுக்குப் போகும் மலைவழி பெரும்பாலும் ஜூலையில்தான் திறக்கிறது. கோடைத் தொடக்கத்தில் கணவாய்கள் இன்னும் பனிக்குள்ளேயே இருக்கும். காலையில் கெட்டியாக இருக்கும் பனி, மதியம் இளகிக் காலை உள்ளே இழுத்துவிடும். சில இடங்களில் பனி இளஞ்சிவப்பாகத் தெரியும். அது பனியில் வாழும் நுண்பாசியின் நிறம்! மேலே உறைந்த ஏரியில் மீன் எப்படிப் பிழைக்கிறது? தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் அந்தத் தண்ணீர் அடியில் தங்க, பனிக்கட்டி மேலே மிதக்கும். உத்தராகண்டில் சுமார் 5,000 மீட்டர் உயரத்திலுள்ள ரூப்குண்ட் ஏரியில் நூற்றுக்கணக்கான மனித எலும்புகள் கிடக்கின்றன. 2019-இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது என்ன தெரியுமா? அவர்களில் சிலர் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்தவர்கள்! எதற்காக அவ்வளவு தூரம் வந்தார்கள்? இன்றுவரை விடையில்லை.

பை கட்டும் முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்!

கொடைக்கானலுக்கு வண்டியில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும்; இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அதே ஆண்டு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் வட்டக்கானல்–வெள்ளகெவியும் உண்டு. காட்டுத்தீ அபாயம் உள்ள கோடைத் தொடக்கத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். ஆகவே தேதியை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை வீட்டிலேயே வையுங்கள், குப்பையைப் பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். நீங்கள் நின்று ரசிக்கும் தண்ணீரை, மலைக்குக் கீழே ஒரு ஊரே குடிக்கிறது!