குழந்தைக்கு வலிப்பா? சாவிக்கொத்தை தேடாதீங்க... கடிகாரத்தை பாருங்க!

காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தைக்கு திடீர்னு கண் மேலே சொருகும். கை, கால் வெட்டி வெட்டி இழுக்கும். வாயில் நுரை தள்ளும். பெற்றவங்க பதறிடுவாங்க. அக்கம்பக்கத்தில் இருந்து ஓடி வருபவர்கள் முதலில் தேடுவது இரும்பைத்தான். சாவிக்கொத்தோ, கரண்டியோ கிடைத்ததை பிள்ளை கையில் திணிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றுவிடும். "பார்த்தியா, இரும்பு கொடுத்ததும் நின்னுடுச்சு" என்பார்கள்.

இரும்பு கொடுக்காவிட்டாலும் அது நின்றிருக்கும் என்பதுதான் உண்மை. 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேருக்கு காய்ச்சல் வலிப்பு வருகிறது. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும்.

இரும்பை விட ஆபத்து, பல்லுக்கு நடுவில் ஸ்பூனை நுழைப்பது. நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. ஆனால் உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். விரலையும் விடாதீங்க. தண்ணீர், மருந்து எதுவும் ஊற்றாதீங்க.

குழந்தையை தரையில் ஒருக்களித்து படுக்க வையுங்க. எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும். தலைக்கு கீழே துண்டை மடித்து வைத்து, கழுத்து பட்டனை தளர்த்துங்க. கை, காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். உடனே மணி பாருங்க. பயத்தில் ஒரு நிமிடம் கூட பத்து நிமிடமாகத் தெரியும். ஒருத்தர் செல்போனில் வீடியோ எடுத்தால் டாக்டருக்கு உதவும். வாட்ஸ்அப்பில் போடுவதற்கு அல்ல!

5 நிமிடம் தாண்டினால் 108-க்கு போன் போடுங்க. மூச்சு திணறினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, தலையில் அடிபட்டு வந்திருந்தாலோ 5 நிமிடம் காத்திருக்கவே கூடாது.

நின்ற பிறகு பிள்ளை அசந்து தூங்கும். நன்றாக முழிக்கும் வரை பால் கொடுக்காதீங்க. முதல் தடவை என்றால், நின்றுவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டணும். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, நேரமாகியும் தெளியாத மயக்கம் என்றால் தாமதமே கூடாது. மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்.

ஒரு முறை வந்த குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒன்றுக்கு மறுபடி வர வாய்ப்புண்டு. நீங்க வேலைக்குப் போகும்போது பிள்ளையை பார்த்துக்கொள்ளும் பாட்டியிடமும், அங்கன்வாடி டீச்சரிடமும் இதையெல்லாம் இப்பவே சொல்லி வையுங்க.