ஜவ்வு மிட்டாய் போல் நீளும் உலோகம்!

குழந்தைகளே... திருவிழாவில் ஜவ்வு மிட்டாய்க்காரர், மிட்டாயை இழுத்து இழுத்து வாட்ச், மயில் எல்லாம் செய்து தருவாரே, பார்த்திருக்கிறீர்களா? உலோகத்தையும் அப்படி இழுக்கலாம் என்றால் நம்புவீர்களா?

சாதாரண உலோகத்தை இழுத்தால், கொஞ்சம் நீண்டதும் ஓரிடத்தில் மெலிந்து அறுந்துவிடும். ஆனால், 1934ல் பியர்சன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த துண்டை மெதுவாக இழுத்தார். அது அறுந்து போகாமல் 20 மடங்கு நீளமானது! இந்தக் குணத்துக்கு, 'சூப்பர் பிளாஸ்டிசிட்டி' என்று பெயர்.

இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. உலோகத்தில் உள்ள படிகங்கள் மிகப் பொடியாக, மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். உலோகத்துக்கு ஏற்ற சூடு வேண்டும். மெதுவாக இழுக்க வேண்டும். சில விமான இன்ஜின்களின் முன்புறம் சுழலும் டைட்டானியம் விசிறி இலைகளை, சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில், பலூன் போல வாயுவால் ஊதி இப்படித்தான் செய்கின்றனர்.

எந்தக் கலவைக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம்? ஒவ்வொன்றாகச் சோதித்தால், நாளும் வீண், உலோகமும் வீண். அதனால், விஞ்ஞானிகள் கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்துகின்றனர். மூளை நரம்புகளைப் பார்த்து உருவாக்கிய, 'நியூரல் நெட்வொர்க்'தான் மாணவன்.

'இந்தச் சூடு, இந்த வேகம், இந்தப் படிக அளவு. எவ்வளவு நீளும்?' என்று கேட்பர். அது ஒரு விடை சொல்லும். சோதனைச்சாலையில் கிடைத்த உண்மையான விடையோடு ஒப்பிட்டு, தவறுக்கு ஏற்பத் தன் உள்ளே உள்ள எண்களைத் திருத்திக்கொள்ளும். திரும்பத் திரும்பத் திருத்த, தவறு குறையும்.

இங்கே ஒரு வேடிக்கை! கணக்கைப் புரிந்துகொள்ளாமல், விடையை மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் உண்டு. எண்ணை மாற்றிக் கொடுத்தால் திருதிருவென விழிப்பர். என் வகுப்பில் பலரைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரும் இப்படி மனப்பாடம் செய்யும்! அதைக் கண்டுபிடிக்க, சில சோதனை முடிவுகளை முதலிலேயே மறைத்து வைத்து, பாடம் முடிந்ததும் கேட்பர். அதில் தேறினால்தான் பாஸ்.

பாஸ் செய்தாலும், படிக்காத பகுதியில் கேட்டால் தவறலாம். 500 டிகிரி வரை மட்டும் படித்தது, 700 டிகிரிக்குச் சொல்லும் விடையை அப்படியே நம்பக்கூடாது. கடைசியில் உண்மையான உலோகத்தை இழுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். விமானத்தில் உட்காரப் போவது நாமல்லவா!

இன்று அம்மாவிடம் சப்பாத்தி மாவு இரண்டு உருண்டை கேளுங்கள். ஒன்றைச் சட்டென்றும், மற்றதை மெதுவாகவும் இழுக்க வேண்டும். எது அதிகம் நீளும்? முதலில் விடையை எழுதிவிட்டு, அப்புறம் இழுத்துப் பாருங்கள், சரியா?