மாட்டிக்கிட்ட சக்கரத்தைச் சுத்தியலால அடிக்காதீங்க

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

வெள்ளம் வந்தா நாம எல்லாரும் படகைத் தேடுவோம். 2015 சென்னை வெள்ளத்துலயும் சரி, 2018 கேரளா வெள்ளத்துலயும் சரி, மீனவர்கள் படகை லாரில ஏத்திக்கிட்டு ஊருக்குள்ள வந்தாங்க. தண்ணி வரைக்கும் படகைக் கொண்டுவர்றது சக்கரம்தான். அந்தச் சக்கரம் நாலு மாசம் உப்புத் தண்ணி குடிச்சு, துருப்பிடிச்சு நின்னுட்டா என்ன ஆகும்? அதை எப்படிக் கழட்டணும்? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

இதுக்காக நான் கூட்டேரிப்பட்டுக்குப் போனேன். திண்டிவனத்துல இருந்து விழுப்புரம் போற ஜிஎஸ்டி ரோட்டுல, மயிலத்துக்குப் பிரியுற ஊர். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்போ, இதோ பக்கத்துல இருக்கிற மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அந்த மாதிரி மழையில டிராக்டர் டிரெய்லரு, மினி லாரி எல்லாம் அச்சு முழுகத்தான் நிக்கும். கிழக்கால போனா மரக்காணம் உப்பளம், கடற்கரை. ஆக, சக்கரத்தை அரிக்க என்னென்ன வேணுமோ எல்லாம் இந்தச் சுத்துவட்டாரத்துல இருக்கு. ஒரு டிரெய்லர் பட்டறைல அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன்.

தண்ணி எப்படி உள்ள போகுது?

சக்கரத்துக்கு நடுவுல இருக்கிறது ஹப்பு. அதுக்குள்ள ரெண்டு டேப்பர் பேரிங் இருக்கும், அதாவது கூம்பு மாதிரி சரிஞ்ச உருளை வச்ச பேரிங். அமெரிக்காவுல குதிரை வண்டி செஞ்சுக்கிட்டிருந்த ஹென்றி டிம்கன் 1898-ல இதுக்குக் காப்புரிமை வாங்கினாரு. வண்டி திரும்பும்போது பக்கவாட்டுல விழுற பாரத்தையும் தாங்கணும்ங்கிறதுதான் காரணம். நம்ம பட்டறைல இதை "கப்பு, கோன்"னு சொல்றாங்க. வெளி வளையம் கப்பு, உள் பாகம் கோன்.

படகு டிரெய்லர் ரோட்டுல ஓடி வரும்போது ஹப்பு சூடாயிருக்கும். உள்ள இருக்கிற காத்து விரிஞ்சிருக்கும். அப்படியே தண்ணில இறக்கினீங்கன்னா இரும்பு சட்டுனு குளிரும், காத்து சுருங்கும், ஆயில் சீல் வழியா தண்ணியை உறிஞ்சி உள்ள இழுத்துக்கும். அந்தத் தண்ணி கிரீஸோட கலந்து பால் மாதிரி வெளுத்துப்போகும். அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க தண்ணில இறக்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஆறவிடுறாங்க.

அப்புறம் துரு. இரும்பு துருவா மாறும்போது அதோட பருமன் ரெண்டு மடங்குக்கு மேல ஆகுது. ரெண்டு இரும்புக்கு நடுவுல இருந்த முடி அளவு இடைவெளியை அந்தத் துரு ஆப்பு அடிச்ச மாதிரி அடைச்சிடும். "மாட்டிக்கிச்சு"ன்னு நாம சொல்றது இதைத்தான்.

கழட்டற முறை

பட்டறை மேஸ்திரி முதல்ல கையில எடுத்தது சுத்தியல் இல்லை, டீசல் கேன். "ராத்திரியே ஊத்தி வச்சிரணும் தம்பி. காலையில அது பாதி வேலையை முடிச்சிருக்கும்"னாரு. டீசலோ, கடையில கிடைக்கிற துரு இளக்குற ஸ்பிரேயோ, ஊற நேரம் வேணும். அடிச்ச அடுத்த நிமிஷம் ஸ்பேனர் போட்டா பிரயோஜனம் இல்லை.

சக்கரம் தரையில இருக்கும்போதே வீல் நட்டை அரைச் சுத்து இளக்கிடணும். ஜாக்கில தூக்கினப்புறம் முக்கினா வண்டி சரியும். மத்த சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லு வைக்கணும். தூக்கினதும் அச்சுக்குக் கீழ ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில கை விடக் கூடாது. இளகாத நட்டை முதல்ல ஒரு நூல் இறுக்கிப் பார்க்கணும். துருவோட பிடி விடும், அப்புறம் கழலும். ஸ்பேனரைக் குதிச்சு மிதிக்கிறதைவிட, நீளமான பைப்பு சொருகி நிதானமா இழுத்தா ஸ்டட் உடையாது.

நட்டு கழண்டும் ரிம்மு வரலைன்னா, நட்டை ரெண்டு மூணு மரை விட்டு வச்சுக்கிட்டு, டயர் ரப்பர் மேல மரக்கட்டையால உள்பக்கத்துல இருந்து மாத்தி மாத்தித் தட்டணும். ரிம்மு திடீர்னு வந்தாலும் கால்ல விழாது. பிரேக் டிரம் வரலைன்னா, முதல்ல பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தணும். தேய்ஞ்ச டிரம்முக்குள்ள வரப்பு மாதிரி ஒரு விளிம்பு உருவாகி, அது லைனரைப் பிடிச்சுக்கும். சில டிரம்முல ரெண்டு மரை ஓட்டை இருக்கும். அதுல போல்ட்டை மாத்தி மாத்தி முடுக்கினா டிரம்மு தானா வெளிய வரும்.

கடைசில அடம் பிடிக்கிறது உள் பேரிங்கோட கோன். அது அச்சோட ஒட்டிக்கும். அதுக்குப் புல்லர் போடணும். அதுக்கும் மசியலைன்னா கோனை மட்டும் சூடு பண்ணலாம். 40 மில்லிமீட்டர் துளை உள்ள கோன் அச்சைவிட 100 டிகிரி கூடச் சூடானா, துளை சுமார் 0.05 மில்லிமீட்டர் பெரிசாகும். மெல்லிசான தலைமுடி அளவுதான், ஆனா பல நேரம் அதுவே போதும்.

உயிர் போற இடம்

டயர் மாட்டியிருக்கும்போது ரிம்முலயோ நட்டுலயோ கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டவே கூடாது. உள்ள ரப்பர் வெந்து, எரியக்கூடிய வாயு உண்டாகும். டயர் குண்டு மாதிரி வெடிக்கும். நெருப்பை எடுத்தப்புறமும் வெடிக்கலாம். காத்தை இறக்கிட்டா போதும்னு நினைக்காதீங்க, டயரையே ரிம்முல இருந்து கழட்டிடணும். டீசலோ ஸ்பிரேயோ போட்ட இடத்தையும் துடைக்காம சூடு காட்டாதீங்க.

இப்ப சுத்தியல் விஷயம். பேரிங் செய்யுற எஃகு ரொம்பக் கெட்டியானது, அதனாலயே நொறுங்கும். ஓங்கி அடிச்சா சில்லு தெறிச்சு கண்ணுக்குப் போகும். கண்ணாடி போடாம யாரும் கிட்ட நிக்கக் கூடாது. உடையாட்டியும், அடி வாங்கின பேரிங்ல கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுந்திருக்கும். பட்டறைல நல்லாத்தான் சுத்தும். அதே பேரிங் ஜிஎஸ்டி ரோட்டுல சூடேறி இறுகி, சக்கரம் தனியா ஓடினா, எதிர்ல பைக்ல வர்றவருக்கு ஒதுங்க நேரம் இருக்காது. அதனால அடிச்சோ சூடு பண்ணியோ எடுத்த பேரிங்கைத் திரும்பப் போடவே கூடாது. கப்பையும் கோனையும் ஜோடியாவே மாத்தணும். சீல் புதுசு, கிரீஸ் புதுசு, காட்டர் பின்னும் புதுசு.

சரி, "நம்மகிட்ட டிரெய்லர் இல்லையே"ன்னு கேக்குறீங்களா? வேளச்சேரில வெள்ளத்துல நின்ன கார், ஈசிஆர்ல கடல் காத்து வாங்குற கார், எல்லாத்துக்கும் இதே கதைதான். அலாய் வீல்னா அலுமினியமும் இரும்பும் உப்போட சேர்ந்து இன்னும் மோசமா ஒட்டிக்கும். சர்வீஸுக்கு விடும்போது ரெண்டு கேள்வி கேளுங்க: "சக்கரத்தைக் கழட்டிப் பார்த்தீங்களா? கிரீஸ் என்ன நிறத்துல இருந்துச்சு?" வெளுத்திருந்துச்சுன்னு பதில் வந்தா, அன்னைக்கே பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்க. சக்கரத்தைத் திரும்ப மாட்டினா 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் வீல் நட்டை இன்னொரு தடவை முடுக்கிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.