எக்ஸ்ரே சரி, முழங்கால் ஏன் இன்னும் நோகிறது?

முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து ஆறு மாதம். காயம் ஆறிவிட்டது, எக்ஸ்ரேயில் புது மூட்டு பிசகில்லாமல் இருக்கிறது. ஆனாலும் கொலன்னாவையில் பஸ் படியில் கால் வைத்தால் சுரீர் என்கிறது, இரவில் உளைந்து நித்திரை போகிறது. கிளினிக்கில் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். வீட்டில், "அம்மா, இது உங்கட மனப்பிரமை" என்கிறார்கள். நோவோடு இருப்பவரை இந்த இரண்டாவது பேச்சுத்தான் அதிகம் உடைக்கிறது. அது உண்மையும் அல்ல.

முழங்கால் மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கும் நோவு நீடிக்கிறது என்கின்றன வெளிநாட்டு ஆய்வுகள். மூன்று மாதம் கடந்தும் தொடர்ந்தால் மருத்துவம் அதை நாட்பட்ட நோவு என்று கணக்கில் எடுக்கிறது. கிருமித்தொற்று, மூட்டுத் தளர்வு, நரம்புப் பாதிப்பு, முள்ளந்தண்டிலிருந்து இறங்கும் நோவு ஆகியவற்றை முதலில் தேட வேண்டும். காய்ச்சல், வீக்கம், சிவப்பு, காயத்தில் நீர் கசிதல் என்று ஏதாவது கண்டால் கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லாதபோதுதான் மனதின் பங்கைப் பற்றிப் பேச்சு வருகிறது. நோவு என்பது உடலும் உணர்வும் சேர்ந்த அனுபவம் என்று சர்வதேச நோவு ஆய்வுச் சங்கம் 1979இலேயே வரையறுத்தது. வருடக்கணக்கில் தேய்ந்த மூட்டோடு வாழ்ந்தவரின் நரம்பு மண்டலம் சின்னத் தூண்டலையும் பெரிதாக உணரப் பழகிவிடுகிறது. மூட்டை மாற்றலாம், அந்தப் பழக்கத்தைக் கத்தி கொண்டு அகற்ற முடியாது. கவலை, மனச்சோர்வு, நித்திரையின்மை மூன்றும் அதை இன்னும் கூர்மையாக்குகின்றன.

இதில் பயத்தின் வேலையைக் கண்ணாலேயே பார்க்கலாம். நோவுள்ளவர் கதிரையிலிருந்து எழும்பும்போது இரண்டு கையையும் ஊன்றி, பாரம் முழுவதையும் மற்றக் காலில் போடுகிறார். வெள்ளவத்தை மாடி வீட்டில் இருப்பவர் படி இறங்கப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைந்துவிடுகிறார். சில வாரங்களில் தொடைத் தசை மெலிகிறது, மூட்டு விறைக்கிறது. விறைத்த மூட்டை மடக்கினால் நோகும். நோக, பயம் கூடும்.

"இந்த நோவு போகவே போகாது, என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று அளக்க, கனடாவில் மைக்கல் சல்லிவனும் கூட்டாளிகளும் 1995இல் 13 கேள்விகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் அதில் அதிகப் புள்ளி எடுத்தவர்களுக்குப் பின்னால் நோவு நீடிக்கும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் கண்டன. ஆனால் அதைத் தலைவிதியாக எடுக்க வேண்டாம். அமெரிக்காவில் அப்படி அதிகப் புள்ளி எடுத்த 402 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் வெளியானது. நோவைச் சமாளிக்கும் தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கும் வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கும் முடிவில் வித்தியாசம் இல்லை. எல்லாப் பிரிவினருக்கும் நோவு நன்றாகவே குறைந்திருந்தது. பயந்த சுபாவம் உள்ளவருக்கு ஒப்பரேஷன் சரிவராது என்று சொல்ல எவருக்கும் ஆதாரம் இல்லை.

ஒப்பரேஷனுக்குப் பிறகான கவனிப்பில்தான் எனக்கு நம்பிக்கை. பிரித்தானியாவில் மூன்றாம் மாதத்திலும் நோவோடு இருந்தவர்களைத் தனியாக அழைத்து, மூட்டு, நரம்பு, மனநிலை எல்லாவற்றையும் ஆறுதலாகப் பரிசோதித்து, தேவைக்கேற்ற சிகிச்சைக்கு அனுப்பி, தொலைபேசியிலும் விசாரித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களின் நோவு மற்றவர்களுடையதைவிடச் சற்றுக் குறைந்திருந்ததாக 2022இல் முடிவு வெளியானது. பலன் சிறியதுதான், ஆனாலும் கிடைத்த பலன்.

ஆகவே, மூன்றாம் மாதக் கிளினிக்கில் கால் மடங்கும் அளவை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நித்திரை, பயம், மனச்சோர்வு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிசியோதெரபியை இடையில் விடாதீர்கள். மனம் மிகவும் தளர்ந்தால் இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம். வீட்டாரே, "மனப்பிரமை" என்ற சொல்லை விட்டுவிட்டு, பின்னேரம் அவரோடு தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள்.