கன்றைச் சுமந்த மல்லனும் கண்ணாடி பார்க்கும் இளைஞனும்

பண்டைய கிரேக்க நாட்டிலே மிலோ என்னும் மல்லன் ஒருவன் இருந்தான். இளங்கன்று ஒன்றை நாள்தோறும் தோளிற் சுமந்துவந்தானாம். கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்து, ஈற்றில் முழுக்காளையையே சுமந்தானாம். கதை எவ்வாறாயினும் அது புகட்டும் பாடம் மெய்யானது. சுமை சிறிது சிறிதாகக் கூடவேண்டும்; காலமும் செல்லவேண்டும்.

நம் இளைஞர் பலர் இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். இன்று பளுதூக்கத் தொடங்கி, அடுத்த மாதமே கண்ணாடியின்முன் நின்று மாற்றத்தைத் தேடுகின்றனர். காணாவிடின் மனஞ்சோர்ந்து கைவிடுகின்றனர். அன்றேல் குறுக்குவழி நாடுகின்றனர். ஆதலின் உடலின் இயல்பைச் சற்று ஆராய்வோம்.

முதற் சில கிழமைகளில் பலம் விரைவாகக் கூடும். உருவமோ பெரிதும் மாறாது. தசைகளை ஒருங்கே ஏவுந் திறனை நரம்புகள் முதலிற் கற்றுக்கொள்வதே இதற்குக் காரணம். தசை பருத்துக் கண்ணுக்குப் புலனாக இரண்டு மூன்று மாதங்களாயினும் செல்லும். முதலாண்டில் சில கிலோ தசை கூடினால் அது நல்ல பலனே. பின்னர் வளர்ச்சியின் வேகம் ஆண்டுக்காண்டு குறையும். தமையனுக்கு விரைவிற் பலித்தது தம்பிக்குத் தாமதமாகலாம். அது பிறவி அமைப்பைப் பொறுத்தது. பெண்களும் தயங்காது பயிலலாம். ஆண்மைச் சுரப்பு அவர்களிடம் மிகக் குறைவாதலின், ஆடவரைப்போற் பருத்துவிடுவோமென்ற அச்சம் வேண்டாம்.

முதுமையுந் தடையன்று. 1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்விலே, 90 வயதையொட்டிய முதியோர் 8 கிழமைகள் கால்களுக்குப் பளுப்பயிற்சி செய்தனர். அவர்தம் கால்வலிமை சராசரியாக 174 வீதம் உயர்ந்தது!

இதற்கு வேண்டுவன யாவை? கிழமையில் இரண்டு மூன்று நாட் பயிற்சி, இடையே ஓய்வு, நல்லுறக்கம், போதிய புரதம் ஆகியனவே. உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரதம் போதுமானது. 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு இது 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் அளவில் உண்டு. மீன், பருப்பு, பயறு, கடலை, பால் ஆகியன எஞ்சியதைத் தரும். விலையுயர்ந்த மாவு வகைகள் உணவின் மாற்றுருவமேயன்றி மாயமருந்தல்ல. சிறுநீரக நோயுள்ளோர் வைத்தியரைக் கேளாது புரதத்தைக் கூட்டலாகாது.

பெற்றோருக்கும் ஒரு சொல். அவசரப்படும் பிள்ளையின் கைக்கு ஸ்டீரொயிட் ஊசியும் குளிசையும் எட்டிவிடக்கூடும். அவை தசையை விரைந்து பெருக்குவது உண்மையே. ஆனால் இருதயத்தையும் ஈரலையுங் கெடுத்து, ஆண்மைச் சுரப்பை அடக்கி, மகப்பேற்றுக்கும் ஊறு விளைவிக்கக்கூடியவை அவை. மகனைக் கடிந்துகொள்வதிலும், எத்தனை மாதத்தில் எவ்வளவு எதிர்பார்க்கலாமென அவனுடன் அமர்ந்து பேசுவது நன்று.

இளைஞரே! கண்ணாடியை விடுத்துக் கொப்பியொன்றை எடுங்கள். தூக்கிய பளுவை அதிற் குறியுங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கன்றை இன்றே சுமக்கத் தொடங்குங்கள். காளையை நாளையே தேடாதீர்கள்.