ஒரு கணக்கா, பல கணக்கா?

வங்கிச் சேமிப்புக் கணக்கின் வட்டி எல்லா வங்கிகளிலும் ஒன்றாகவே இருந்த காலம் ஒன்று உண்டு. 2011 அக்டோபர் வரை அவ்வீதத்தை இந்திய ரிசர்வ் வங்கியே வரையறுத்து வந்தது. முடிவில் அது 4 விழுக்காடாக இருந்தது. எந்த வங்கியில் போட்டாலும் வட்டி ஒன்றே என்பதால், மக்கள் வீட்டிற்கு அருகிலுள்ள கிளையை நாடினர். அத்திங்களில் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, வீதத்தை முடிவு செய்யும் உரிமை அந்தந்த வங்கிக்கே அளிக்கப்பட்டது. அதன் விளைவாக, 2025 ஜூனில் பாரத ஸ்டேட் வங்கியின் சேமிப்பு வட்டி 2.5 விழுக்காடாகக் குறைந்தபோது, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு 4 விழுக்காடு தந்துகொண்டிருந்தது. சிறு நிதி வங்கிகள் சில இன்னும் கூடுதலாகத் தருகின்றன. கணக்கை மாற்றலாமா, பழையதை வைத்துக்கொண்டே புதியதொன்றைத் தொடங்கலாமா என்னும் வினா இவ்வாறுதான் எழுகிறது.

ஒரு குடும்பத்தின் கையிருப்பு 80,000 ரூபாய் எனக் கொள்வோம். 2.5 விழுக்காட்டில் அது ஆண்டுக்கு 2,000 ரூபாய் ஈட்டும். 4 விழுக்காடு தரும் இடத்திற்கு மாற்றினால் 3,200 ரூபாய். ஆதாயம் 1,200 ரூபாய். ஆனால் பழைய வங்கியிலேயே அன்றாடத் தேவைக்கு 20,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் நிறுத்தி, எஞ்சிய 60,000 ரூபாயை 6.5 விழுக்காட்டு நிலை வைப்பில் இட்டால், முறையே 500 ரூபாயும் 3,900 ரூபாயுமாக மொத்தம் 4,400 ரூபாய் கிடைக்கும். வங்கியை மாற்றாமலே வருவாய் இருமடங்கிற்கும் மேலாகிறது. இடையில் பணம் தேவைப்பட்டு வைப்பை முறித்தால் வட்டி சற்றுக் குறையும்; அவ்வளவே. பலர் வங்கியை மாற்றுவதில் காட்டும் முனைப்பை, வைப்பின் வகையை மாற்றுவதில் காட்டுவதில்லை.

கணக்குகளின் எண்ணிக்கை கூடும்போது செலவும் கூடுகிறது. பாரத ஸ்டேட் வங்கி 2020 இல் குறைந்தபட்ச இருப்பு விதியை நீக்கிவிட்டது. தனியார் வங்கிகள் பலவற்றில் அவ்விதி நீடிக்கிறது. 10,000 ரூபாயை நிலை வைப்பில் இடாமல் இவ்விதிக்காகச் சேமிப்புக் கணக்கில் முடக்கினால், மேற்கண்ட வீதங்களின்படி ஆண்டுக்கு 400 ரூபாய் வட்டியை இழக்க நேரும். பற்று அட்டைக்கான ஆண்டுக் கட்டணம் இதில் சேராது.

ஆயினும் பல கணக்குகளுக்கு வலுவான காரணம் ஒன்று உண்டு, அது பாதுகாப்பு. 1906 இல் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் முறிந்தபோது, அதனை நம்பிப் பணம் வைத்திருந்தோர் பெரும் இழப்பிற்கு ஆளாயினர். அந்நிகழ்வின் பின்னரே 1907 இல் இந்தியன் வங்கி தோன்றியது. 1960 இல் கேரளத்தின் பாலாய் மத்திய வங்கி வீழ்ந்தது. 1962 இல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 1,500 ரூபாயாக இருந்த காப்பு வரம்பு, 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய். அசலும் வட்டியும் சேர்ந்தே இவ்வரம்புக்குள் அடங்கும். ஒரே வங்கியின் இரு கிளைகளில் ஒருவர் தம் பெயரில் வைத்திருப்பவை ஒன்றாகவே கணக்கிடப்படும் என்பதால், 5 லட்சத்திற்கு மேற்பட்ட தொகையை வெவ்வேறு வங்கிகளில் பிரித்து வைப்பதே பொருளுடையது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் இடும் பணத்திற்கு இக்காப்பீடு இல்லை. சிற்றூர்களில் பலர் இதனை அறிவதில்லை.

இனி, மாற்றும் முறையைக் காண்போம். பிரிட்டனில் 2013 முதல், வாடிக்கையாளர் விரும்பினால், புதிய வங்கியே பழைய கணக்கின் வரவு செலவு இணைப்புகளை ஏழு வேலை நாள்களில் தன்னிடம் மாற்றிக்கொள்கிறது. இந்தியாவில் அலைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி உண்டு. வங்கிக் கணக்கு எண்ணுக்கு அவ்வசதி இல்லை. ஊதியம், கடன் தவணை, காப்பீட்டுத் தவணை, எரிவாயு மானியம் ஆகிய இணைப்புகளை வாடிக்கையாளரே ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

இவற்றுள் மாணவர் சிறப்பாகக் கருத வேண்டியது ஆதார் இணைப்பு. ஆதார் வழியாக வழங்கப்படும் அரசு உதவித்தொகை, கடைசியாக எந்த வங்கியில் அதற்கான இணைப்பு செய்யப்பட்டதோ அங்கேயே சென்று சேரும். கல்லூரியில் சேரும் மாணவி, வளாகத்திலுள்ள வங்கியில் புதுக்கணக்குத் தொடங்கி, படிவத்தில் ஆதார் இணைப்பிற்கு இசைவளித்துக் கையெழுத்திட்டிருக்கலாம். பின்னர் ஊரிலுள்ள பழைய கணக்கில் உதவித்தொகை வரவில்லை எனக் கவலையுறுவதில் பயனில்லை. பணம் புதிய கணக்கில் இருக்கும். எந்த வங்கியில் இணைப்பு உள்ளது என்பதை ஆதார் இணையதளத்தில் காணலாம்.

இணைப்புகள் யாவும் மாறியபின், இரண்டு மூன்று திங்கள் பழைய கணக்கில் சிறு தொகையை வைத்திருந்து, விடுபட்ட தவணை ஏதேனும் வருகிறதா எனப் பார்த்தல் நன்று. அதன்பின் கிளைக்கு எழுத்து வழியாக விண்ணப்பித்து, எஞ்சிய காசோலைத் தாள்களையும் பற்று அட்டையையும் ஒப்படைத்துக் கணக்கை முடிக்கலாம்.

முடிக்காமல் விட்டுவிடுவோரே மிகுதி. வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுகள் தாமாக எவ்விதப் பரிமாற்றமும் செய்யாத கணக்கு, செயல்படாக் கணக்காகிறது. பத்து ஆண்டுகள் அவ்வாறே கிடந்தால், அத்தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. குடும்பத் தலைவர் நான்கு வங்கிகளில் கணக்கு வைத்திருந்து, இரண்டினை மட்டுமே வீட்டார் அறிந்திருந்த நிலையில் மறைந்தால், மற்ற இரண்டும் இவ்வழியே செல்லும். நியமனதாரர் பெயரைப் பதிந்திருந்தாலும், கணக்கு இருப்பதே அவருக்குத் தெரியாவிடில் கேட்பவர் யார்? நிதிக்குச் சென்ற பின்னரும் பணத்திற்கான உரிமை அழிவதில்லை. 2023 இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் இணையதளத்தில், மறைந்தவரின் பெயரைக் கொண்டு பல வங்கிகளில் ஒருசேரத் தேடலாம். தொகையை வழங்குவது அந்தந்த வங்கியே. ஆகவே வாரிசுகள் இறப்புச் சான்றிதழுடன் அவ்வங்கியின் கிளையையே அணுக வேண்டும்.